ஓட்டையுள்ள படகுகளின் ஊர்!

‘ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி’ என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. உருப்படாத காரியத்துக்கு இத்தனை பேரா என்று கேலி செய்வதற்காகச் சொல்வது. ஆனால், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் போர்ட் டவுன்சென்ட் என்ற சின்ன ஊரில் இந்தப் பழமொழி எடுபடாது. அங்கே ஒவ்வொரு படகிலும் ஓட்டை இருக்கிறது. ஒன்றல்ல, எட்டு, பத்து ஓட்டைகள். எல்லாமே படகைக் கட்டியவர்கள் அளவெடுத்துப் போட்டவை!

அந்த ஓட்டைகளை எதைக் கொண்டு, எப்படி அடைப்பது என்பதுதான் அந்த ஊரில் கோடைக்காலம் முழுக்க நடக்கும் விவாதம். காபிக் கடையிலும் அதே பேச்சு, படகுச் சாமான் கடையிலும் அதே பேச்சு. தவறான பசையைத் தடவினால் என்ன ஆகும்? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதமோ, இரண்டு வருடமோ கழித்து, எல்லோரும் தூங்கும் ஒரு ராத்திரியில் படகு சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போய்விடும்.

போகும் வழியிலேயே ஒரு பாடம்

போர்ட் டவுன்சென்டுக்குப் போக சியாட்டில் நகரத்திலிருந்து கிளம்ப வேண்டும். காரோடு ஒரு பெரிய பயணிகள் கப்பலில் ஏறினால், 35 நிமிடத்தில் பெயின்பிரிட்ஜ் தீவு. பின்னால் சியாட்டிலின் உயரமான கட்டடங்கள் சிறுத்துக்கொண்டே போக, வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் பனி மூடிய ரெய்னியர் மலை, எதிர்ப்பக்கம் ஒலிம்பிக் மலைத்தொடர். அந்த அரை மணி நேரமே டிக்கெட் காசுக்குச் சரியாகிவிடும்.

தீவிலிருந்து மறுபடி சாலைப் பயணம். வழியில் ஹூட் கனால் என்ற கடல் கால்வாயைக் கடக்க வேண்டும். அதன் மேல் இருப்பது சாதாரணப் பாலம் இல்லை, மிதக்கும் பாலம். உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் மிதவைகளை வரிசையாகக் கோத்து, அதன் மேல் சாலை போட்டிருக்கிறார்கள். மிதக்கும் பகுதி மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். அலையேற்றமும் இறக்கமும் உள்ள உப்புத் தண்ணீரில் மிதக்கும் பாலங்களில் உலகிலேயே நீளமானது இதுதான்.

1961-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் மேற்குப் பாதி, 1979 பிப்ரவரி 13-ம் தேதி ஒரு புயலில் மூழ்கிப்போனது. போக்குவரத்தை முன்பே நிறுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. காற்று பலமாக அடித்தது உண்மைதான். ஆனால், மிதவைகளின் மேல் இருந்த ஆள் இறங்கும் மூடிகள் காற்றில் திறந்துகொண்டு, அதன் வழியே தண்ணீர் புகுந்ததுதான் காரணம் என்பதை நோக்கியே தடயங்கள் இருந்தன. மறுபடி கட்டித் திறக்க 1982 அக்டோபர் ஆகிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1990 நவம்பரில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் இன்னொரு மிதக்கும் பாலமும் மூழ்கியது. அப்போது அங்கே சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்காக மிதவைகளில் விட்டிருந்த திறப்புகள் வழியாக மழைத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் இறங்கிவிட்டன.

ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பாலத்தையே கவிழ்க்க ஒரு திறப்பு போதும் என்றால், 10 மீட்டர் படகு எம்மாத்திரம்? இந்தப் பாலத்தைத் தாண்டிப் போகும்போதே போர்ட் டவுன்சென்ட்காரர்களின் கவலை புரிய ஆரம்பித்துவிடும்.

ரயில் வராத ஊர்

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வாட்டர் ஸ்ட்ரீட். செங்கல்லும் கல்லுமாக மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள், வேலைப்பாடு மிகுந்த ஜன்னல்கள். மேட்டின் மேல் 1892-ல் கட்டிய நீதிமன்றத்தின் மணிக்கூண்டு. சுமார் 10,000 பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு?

அதற்குப் பின்னால் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. ஸ்க்ளாலம் பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த கடற்கரை இது. 1792-ல் ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர் இந்த விரிகுடாவுக்கு ஒரு பிரபுவின் பெயரைச் சூட்டினார். 1851-ல் வெள்ளையர்கள் குடியேறினார்கள். பசிபிக் கடலிலிருந்து பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலுக்குள் நுழையும் வாசலில் ஊர் இருந்ததால், கப்பல்கள் வந்து குவிந்தன. ‘ரயில் பாதை வந்துவிட்டால் இந்தக் கடற்கரையின் பெரிய நகரம் இதுதான்’ என்று நம்பி, 1880-களின் கடைசியில் கடன் வாங்கிக் கட்டடம் கட்டினார்கள். எதிர்பார்த்த ரயில் இணைப்பு வரவே இல்லை. 1893-ல் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் ஊர் படுத்துவிட்டது. ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். இடித்துப் புதிதாகக் கட்டக்கூடப் பணம் இல்லாததால், பழைய கட்டடங்கள் அப்படியே தப்பித்தன. இன்று அவைதான் சுற்றுலாப் பயணிகளை இழுக்கின்றன. ரிச்சர்ட் கியர் நடித்து 1982-ல் வெளிவந்த ‘ஆன் ஆபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்’ படத்தை இங்கேதான் எடுத்தார்கள்.

காலியாகக் கிடந்த ஊருக்கு 1970-களில் மரப்படகு கட்டும் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். 1977-ல் மரப்படகுத் திருவிழா தொடங்கியது. இன்றும் ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கிறது. அந்த மூன்று நாளும் துறைமுகத்தில் பாய்மரங்கள் காடு மாதிரி நிற்கும். குழந்தைகள் உளி, சுத்தியலோடு பொம்மைப் படகு செய்துகொண்டிருப்பார்கள்.

2015-ல் இன்னொரு கூத்தும் ஆரம்பமானது. இங்கிருந்து அலாஸ்காவின் கெட்சிகன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர், எஞ்சின் இல்லாமல் போகும் படகுப் பந்தயம். முதல் பரிசு 10,000 டாலர். இரண்டாம் பரிசு, கறி வெட்டும் கத்தி ஒரு செட்! இந்தக் கடலின் தண்ணீர் கோடையிலும் பல்லைக் கிட்ட வைக்கும். படகு போனால் நீந்திக் கரையேறுவது சினிமாவில்தான் நடக்கும். கைகால் விறைத்துப்போக அதிக நேரம் ஆகாது.

படகுகளின் ஆஸ்பத்திரி

ஊரின் தென்கோடியில் இருக்கிறது போட் ஹேவன். துறைமுக நிர்வாகமே நடத்தும் படகுப் பட்டறை. உள்ளே போனால், படகுகள் தரையில் நிற்கும் விநோதக் காட்சி. நான்கு ராட்சதச் சக்கரங்கள் வைத்த தூக்கு எந்திரம், அகலமான பட்டைகளில் படகைத் தொட்டில் போல ஏந்திக்கொண்டு நீரிலிருந்து மெல்ல உருண்டு வரும். இங்குள்ள பெரிய எந்திரம் 300 டன் வரை தூக்கும். மீன்பிடிக் கப்பலையே கரைக்குக் கொண்டுவந்து, மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்துவிடும்.

இங்கே ஒரு சலுகை உண்டு. படகின் சொந்தக்காரர் தானே இறங்கி வேலை செய்யலாம். அமெரிக்காவின் பல பட்டறைகளில் இதற்கு அனுமதி இல்லை. அதனால்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர், இளம் தம்பதி, அலாஸ்காவுக்குப் போகும் மீனவர் எல்லோரும் பழைய சட்டையும் முகமூடியுமாகப் படகுக்கு அடியில் படுத்துக் கிடப்பதை இங்கே பார்க்கலாம்.

வானிலையும் கைகொடுக்கிறது. மழைக்குப் பேர்போன மாநிலம் இது. ஒலிம்பிக் மலையின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். மலை மேகத்தைத் தடுத்துவிடுவதால், மறுபக்கம் இருக்கும் போர்ட் டவுன்சென்டுக்குக் கிடைப்பது 480 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு. பெயின்ட் அடிக்கவும் பசை காயவும் இதைவிட என்ன வேண்டும்!

படகில் எதற்கு ஓட்டை?

நம் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை போட்டு, பிளம்பர் ‘டேங்க் நிப்பிள்’ மாட்டுவார். உள்ளே தலை, வெளியே மரை, நடுவில் ரப்பர் வாஷர், ஒரு நட்டு. படகில் இருப்பதும் ஏறக்குறைய இதே சாமான்தான். பெயர் மட்டும் ‘த்ரூ-ஹல்’. காளான் போன்ற தலை படகுக்கு வெளியே இருக்கும். மரை உள்ள கழுத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். உள்பக்கம் நட்டுப் போட்டு இறுக்கி, அதன் மேல் ஒரு வால்வும் குழாயும் மாட்டுவார்கள்.

எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்நீர் உள்ளே வர ஒன்று. கழிவறைக்குத் தண்ணீர் வர ஒன்று, போக ஒன்று. சமையலறைத் தொட்டித் தண்ணீர் வெளியேற ஒன்று. படகின் அடியில் சேரும் தண்ணீரைப் பம்பு வெளியே துப்ப ஒன்று. ஆழம் பார்க்கும் கருவிக்கு ஒன்று. இப்படிக் கூட்டிப் பார்த்தால் எட்டு, பத்து ஆகிவிடும்.

தொட்டிக்கும் படகுக்கும் ஒரே வித்தியாசம்தான். தொட்டி ஒழுகினால் தண்ணீர் வெளியே போகும். படகு ஒழுகினால் கடல் உள்ளே வரும். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளை திறந்துகொண்டால், நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் உள்ளே பாயும். ஒரு நிமிடத்துக்குள் ஏழெட்டுக் குடம்! நின்றிருக்கும் படகில் பேட்டரி இருக்கும் வரை பம்பு போராடும். பேட்டரி தீர்ந்ததும் கதை முடிந்தது. பல படகுகள் நடுக்கடலில் மூழ்குவதில்லை. ஆளில்லாமல் கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்குகின்றன.

முன்பெல்லாம் த்ரூ-ஹல் என்றால் வெண்கலம்தான். உறுதியானது. ஆனால், உப்புத் தண்ணீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்தாலோ, மின்சாரம் கசிந்தாலோ அரிப்பு தொடங்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. எடை குறைவு, துருப்பிடிக்காது. அதனால் பிளாஸ்டிக் உள்ளே வந்தது. கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது. வெண்கலத்துக்கு எந்தப் பசையைத் தடவினாலும் அது கண்டுகொள்ளாது. பிளாஸ்டிக் அப்படியில்லை. சில பசைகள் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

எந்தப் பிளாஸ்டிக், எந்தப் பசை?

படகுச் சாமான் கடையின் பசை அலமாரி, நம்மூர் மருந்துக்கடை மாதிரி இருக்கும். வரிசை வரிசையாக டியூப்கள். புதிதாகப் படகு வாங்கியவர்கள் ‘இருப்பதிலேயே பலமானது எது?’ என்று கேட்பார்கள். அனுபவசாலிகள் பதிலுக்குக் கேட்பது மூன்று கேள்விகள். சாமான் எந்தப் பிளாஸ்டிக்? நீர்மட்டத்துக்கு மேலா, கீழா? பிற்காலத்தில் கழற்ற வேண்டிவருமா?

முதல் கேள்விதான் உயிர்நாடி. எல்லாம் பார்க்க ஒரே மாதிரி வெள்ளையாகவோ, கறுப்பாகவோ இருக்கும். ஆனால், குணம் வேறு. நீர்மட்டத்துக்குக் கீழே போடத் தகுதியான பிளாஸ்டிக் சாமான்கள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்தவை. ‘மரலான்’ என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். அசிட்டால் என்ற கடினமான பிளாஸ்டிக்கும் உண்டு. இவை ரசாயனங்களைத் தாங்கும். நீர்மட்டத்துக்கு மேலே போடும் மலிவான சாமான்கள் ஏ.பி.எஸ்., பி.வி.சி. போன்றவற்றில் வரும். ஜன்னலுக்குப் போடுவது அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். இந்த நான்கும் மென்மையான சுபாவம் கொண்டவை.

இனி பசைகள்.

பாலிசல்ஃபைடு: இந்தக் குடும்பத்தில் மூத்தது. 1920-களில் ஜோசப் பேட்ரிக் என்ற அமெரிக்க வேதியியலாளர், கார் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க மலிவான திரவம் தயாரிக்கப் பார்த்தார். கிடைத்ததோ நாற்றமடிக்கும் ஒரு பிசின். அது ஆய்வகத்துக் கைகழுவும் தொட்டியையே அடைத்துக்கொண்டது! எந்தக் கரைப்பானுக்கும் அசையாத அந்தப் பிசினே பிறகு ‘தயோகோல்’ என்ற செயற்கை ரப்பராகி, பாலிசல்ஃபைடு பசைகளுக்கு மூலமானது. கடல்நீரில் பல வருடம் கிடந்தாலும் ரப்பர் போலவே இருக்கும். தேக்குக்கும் நைலானுக்கும் அருமையாகப் பொருந்தும். ஆனால், மென்மையான நான்கு பிளாஸ்டிக்குகளுக்கும் இது எமன். இதிலுள்ள ரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கும் அல்லது நொறுங்க வைக்கும். தடவும்போது ஒன்றுமே தெரியாது. சில மாதம் கழித்து மயிரிழை விரிசல் விடும்.

பாலியூரித்தேன்: பிடித்தால் விடாத ரகம். ‘3எம் 5200’ என்ற பெயரைக் கேட்டாலே பட்டறைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஒட்டியதைப் பின்னால் கழற்றப் போனால், படகின் மேல்பூச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அதே நிறுவனத்தின் 4200 கொஞ்சம் இறங்கிவரும், தேவைப்பட்டால் கழற்றலாம். நீர்மட்டத்துக்குக் கீழே நைலான் சாமானுக்கு இது பொருத்தம். மென்மையான நான்குக்கும் இதுவும் ஆகாது.

சிலிக்கான்: குளியலறை ஓரங்களில் நாம் தடவும் அதே இனம். எந்தப் பிளாஸ்டிக்கையும் தொந்தரவு செய்யாது. ஆனால், ஒட்டும் பலம் குறைவு. இரு பரப்புகளுக்கு நடுவே நசுங்கிய வாஷர் மாதிரி இருந்து வேலை செய்யும், அவ்வளவுதான். அதனால் நீர்மட்டத்துக்குக் கீழே இதை நம்புவதில்லை. இன்னொரு குறையும் உண்டு. ஒரு முறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டோ, வேறு பசையோ சரியாகப் பிடிக்காது.

கலப்பு வகை: சிலிக்கானையும் பாலியூரித்தேனையும் கலந்து தயாரிப்பவை. மென்மையான பிளாஸ்டிக்குக்குக் கேடில்லாமல், சிலிக்கானைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஏ.பி.எஸ். சாமானுக்கு இந்த வகைதான் வழக்கம்.

பியூட்டைல் டேப்: பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி இருக்கும் ஒட்டும் பட்டை. காயவே காயாது. மேல்தளத்துச் சாமான்களின் அடியில் வைத்துத் திருகினால், வருடக்கணக்கில் நீர் புகாது. நீருக்கடியில் இதற்கு வேலை இல்லை.

எதுவுமே ஒட்டாத பிளாஸ்டிக்கும் உண்டு. அது பாலிஎத்திலீன், மொட்டைமாடித் தொட்டியின் பிளாஸ்டிக்! அதனால்தான் டேங்க் நிப்பிளில் பசையைவிட ரப்பர் வாஷருக்கு மரியாதை அதிகம்.

சுருக்கமாகச் சொன்னால், பசையின் பலத்தைப் பார்த்து வாங்குவது தப்பு. பிளாஸ்டிக்கின் சுபாவத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தப் பட்டறையில் அனுபவம் உள்ள யாரும், டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் மூடியைத் திறப்பதில்லை.

இறுக்கினால் உடையும்

பசை சரியாக இருந்தாலும் கை அவசரப்பட்டால் போச்சு. போட் ஹேவனில் ஒரு த்ரூ-ஹல் மாட்டுவதைப் பொறுமையாக வேடிக்கை பார்த்தால், மொத்த வித்தையும் புரிந்துவிடும்.

முதலில் பசை இல்லாமல் சாமானைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பிறகு கழற்றி, துளையைச் சுற்றிப் பழைய பசையைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஃபைபர்கிளாஸ் படகின் சுவரில் சில நேரம் நடுவே பால்சா மரம் இருக்கும். துளையின் விளிம்பில் அந்த மரம் தெரிந்தால், முதலில் எபாக்ஸி பூசி மூட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஈரம் ஏறி, மரம் வெளியே தெரியாமல் அழுகும்.

அடுத்து துடைப்பது. அசிட்டோன் வேகமாகச் சுத்தம் செய்யும், ஆனால், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். அதற்கு ஆல்கஹாலே பத்திரம். பிறகு காளான் தலையின் அடியில் வளையம் போல, இடைவெளி இல்லாமல் பசையைச் சுற்றுகிறார்கள். துளைக்குள் செருகி, உள்ளே நட்டைத் திருகும்போது சுற்றிலும் ஒரே அளவில் பசை பிதுங்க வேண்டும். ஒரு இடத்தில் பிதுங்கவில்லை என்றால், அங்கே பசை இல்லை என்று அர்த்தம்.

வெண்கலம் என்றால் முழு பலத்தோடு திருகலாம். பிளாஸ்டிக்கில் மரை வழுக்கிவிடும். கழுத்தில் விரிசல் விழும். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, நடுவில் எதுவும் மிஞ்சாது. கையால் முறுக்கி, ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம். அத்தோடு நிறுத்த வேண்டும்.

அப்புறம் காத்திருப்பு. டியூபில் வரும் பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். குளிர்காலத்தில் இழுத்தடிக்கும். 5200 முழுதாக இறுக ஐந்து முதல் ஏழு நாள். ‘நாளைக்கே படகை இறக்கணும்’ என்று வருகிறவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பட்டறை வளைந்துகொடுக்காது.

நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக்குக்கு இன்னொரு எதிரி, வெயில். வருடக்கணக்கில் வெயில் குடித்த சாதாரண பிளாஸ்டிக் சுண்ணாம்பு போல வெளுத்து, ஒருநாள் காளான் தலை மட்டும் தனியாக உதிர்ந்துவிடும். நம்மூர் மாடியில் வெயிலில் கிடக்கும் பக்கெட் கைப்பிடி உடைவது போலத்தான். அதனால் விரல் நகத்தால் கீறி, தலையைத் தட்டிப் பார்ப்பது இங்கே வருடாந்தர வழக்கம்.

மூழ்கியும் பிழைத்த படகு

எல்லாக் கவனத்தையும் மீறிப் படகு மூழ்கினால்? அதற்கும் இந்தப் பட்டறையில் ஒரு கதை உண்டு.

‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ 1937-ல் டகோமாவில் கட்டிய மரத்தாலான மீன்பிடிப் படகு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக், தன் நண்பரும் கடல் உயிரியலாளருமான எட் ரிக்கெட்ஸோடு 1940-ல் கலிபோர்னியா வளைகுடாவுக்குப் போய்வந்தது இந்தப் படகில்தான். பிறகு கைமாறி, பெயர் மாறி, 2012-ல் ஒரு முறை, 2013-ல் மறு முறை என்று கட்டிப்போட்ட கால்வாயிலேயே மூழ்கியது. இரண்டாம் முறை சில மாதங்கள் தண்ணீருக்கடியிலேயே கிடந்தது. சேறும் சிப்பியும் அப்பிய அந்தப் படகைத் தூக்கி, போர்ட் டவுன்சென்டுக்கு இழுத்து வந்தார்கள்.

2015-ல் ஜான் கிரெக் என்ற புவியியலாளர் அதை வாங்கினார். ஊரின் மரப்படகுத் தச்சர்கள் வருடக்கணக்கில் பாடுபட்டு, அழுகிய பலகைகளை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சையும் தார் தோய்த்த நாரையும் மரச்சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். பழைய தமிழ் அகராதிகள் ‘கலப்பற்று’ என்று குறிக்கும் அதே வேலை. 2022-ல் படகு மறுபடி மிதந்தது. இப்போது கலிபோர்னியாவில், மாணவர்களுக்குக் கடல் பாடம் சொல்லித்தருகிறது.

உள்ளே இல்லாத படகு

போட் ஹேவனில் ஒற்றை உடல் படகுகளுக்கு நடுவே, இரட்டை உடல் கொண்ட வெள்ளைப் படகுகளும் நிற்கும். அவற்றை ‘கேடமரான்’ என்கிறார்கள். அந்தப் பெயர் நம் ‘கட்டுமரம்’தான். 17-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் மீனவர்கள் ஓட்டிய கட்டுமரங்களைப் பார்த்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், 1697-ல் வெளியான தன் பயண நூலில் அவற்றைப் பற்றி எழுதினார். சொல் அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது.

பெயர் ஒன்றானாலும் குணம் நேர்மாறு. கட்டுமரத்துக்கு ‘உள்ளே’ என்று ஒரு இடமே கிடையாது. கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அலை மேலே ஏறி, இடுக்கில் இறங்கிப் போய்விடும். ஒழுகுவதற்கும் மூழ்குவதற்கும் வழியில்லை. பசை கிடையாது, த்ரூ-ஹல் கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவார்கள். இன்றைய கேடமரானிலோ கட்டில், கழிவறை, சமையலறை, இரண்டு எஞ்சின் எல்லாம் உண்டு. அத்தனை வசதிக்கும் விலை, இரண்டு உடலிலும் இருக்கும் ஓட்டைகள்.

அந்த ஓட்டைகளுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு பொருளைப் பார்க்கலாம். ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் நூலால் கட்டித் தொங்கும், கேரட் வடிவ மரக்கட்டை. குழாய் பிய்ந்தாலோ, பிளாஸ்டிக் உடைந்தாலோ, அதைத் துளையில் செருகி சுத்தியலால் ஒரு அடி. மென்மரம் நனைந்து உப்பி, துளையை இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். அமெரிக்கச் சந்தையில் எத்தனை டியூப் இருந்தாலும், ஆபத்தில் கை முதலில் தேடுவது இந்த மரத்துண்டைத்தான்.

போக நினைப்பவர்களுக்கு...

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். சியாட்டிலிலிருந்து கப்பலும் காருமாக இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். செப்டம்பரில் மரப்படகுத் திருவிழா நேரத்தில் தங்கும் அறை கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். ஃபோர்ட் வேர்டன் பழைய கோட்டை, பாயின்ட் வில்சன் கலங்கரை விளக்கம், செட்ஸமோகா பூங்கா மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஸ்க்ளாலம் மக்களின் தலைவர் ஒருவரின் பெயர்தான் பூங்காவுக்கு. பட்டறைக்குள் போனால் தூக்கு எந்திரத்துக்கு வழிவிட்டு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்வது அவசியம்.

சாயங்காலம் துறைமுக நடைபாதையில் ஒரு நடை போகலாம். கட்டிக்கிடக்கும் படகுகளின் பக்கவாட்டில், அந்தச் சின்னக் காளான் தலைகள் வரிசையாகத் தெரியும். ஏதாவது ஒரு படகு அடிக்கடி தண்ணீரைத் துப்பினால், உள்ளே பம்பு ஓயாமல் ஓடுகிறது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பக்கத்துப் படகுக்காரர் அதைக் கவனித்தால் சும்மா தாண்டிப் போக மாட்டார். நின்று பார்ப்பார், போனை எடுத்து துறைமுக அலுவலகத்தை அழைப்பார்.

ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி தேவையில்லை. இப்படி ஒருவர் போதும்.